அட்டவணையில் இரண்டாவது பெயர்

சட்ட வரைவு அலுவலகத்தில் அவளுக்கு ‘எனினும் மேடம்’ என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது, ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். அமைச்சகம் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பும் சட்டம் அவள் மேஜையைத் தாண்டும்போது நாலு பக்கமாகியிருக்கும். அதிகமான மூன்று பக்கமும் ‘எனினும்’ என்று தொடங்கும். டீ வேண்டுமா என்று கேட்டால்கூட, வேண்டும், எனினும் சர்க்கரை போடக்கூடாது என்றுதான் பதில் வரும் என்று தட்டச்சுப் பிரிவில் அவள் காதுபடவே சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். இருபத்திரண்டு வருஷ வேலை. விதிவிலக்கு எழுதாமல் விட்ட சட்டம் எத்தனை பேரை நடுத்தெருவில் நிறுத்தும் என்று பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது.

திங்கட்கிழமை காலை தலைமை வரைவாளர் கூப்பிட்டு ஒரு கோப்பைக் கொடுத்தார். பக்கத்து நாட்டில் பதினைந்து வருஷமாகத் துப்பாக்கியோடு திரிகிற ஆயுதக் குழு ஒன்றின் தலைவர்கள் நாலு பேரை ஐ.நா. பாதுகாப்பு சபை தடைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அவர்கள் சொத்து எங்கே இருந்தாலும் முடக்க வேண்டும், அவர்களை எந்த எல்லையிலும் உள்ளே விடக்கூடாது. ஆனால் சபை தீர்மானம் போட்டுவிட்டதால் மட்டும் இந்த ஊர் வங்கியில் ஒரு கணக்கும் முடங்கிவிடாது. உள்ளூர்ச் சட்டத்தில் அதை ஆணையாக எழுதி, பெயர்களை அட்டவணையாக இணைத்து, நாடாளுமன்றக் குழுவில் வைத்து, அரசிதழில் போட வேண்டும். அப்போதுதான் அதற்கு உயிர். அதற்கு இருபது வேலை நாள் அவகாசம்.

“பழைய ஆணை ஒண்ணு இருக்கும்மா. பேரை மாத்தி, தேதியை மாத்தினா முடிஞ்சுது” என்றார் தலைமை வரைவாளர். ஓய்வு பெற எட்டு மாசம் இருக்கிற மனிதர். சின்ன ஆணைகள்தான் அவருக்குப் பிடிக்கும்.

அவள் தன் அறைக்கு வந்து கோப்பைப் பிரித்தாள். நாலு பெயர். ஒவ்வொன்றின் கீழும் பிறந்த வருஷம், புனைபெயர்கள், எதற்காகப் பட்டியலில் சேர்த்தார்கள் என்ற காரணம். இரண்டாவது பெயரின் கீழே இருந்த காரணத்தை ஒரு தடவை படித்தாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து இன்னொரு தடவை படித்தாள். எல்லைச் சாலையில் சிமெண்ட் ஏற்றிப் போன லாரிகளை மறித்து ஓட்டுநர்கள் பத்தொன்பது பேரைக் கொன்ற படைப்பிரிவுக்கு இவர்தான் தளபதி என்று அதில் எழுதியிருந்தது.

அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவன் அவளுடைய அண்ணன்.

பதினொரு வருஷம் ஆகிவிட்டது. உடல் வந்து சேர ஒன்பது நாளாயிற்று. அதற்கப்புறம் அண்ணியும் அவர் பையனும் அவள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பையன் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறான். மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறை வீட்டில் அண்ணியும் அவளும்தான். அண்ணிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் இருக்கும் எழுத்தை வாசிக்கச் சொல்லி, எது தெளிவு, இதுவா அதுவா என்று நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பார். கல்யாணம் ஆகாத நாத்தனாரும் கணவனை இழந்த அண்ணியும் ஒரே வீட்டில் எப்படி ஒத்துப்போகிறார்கள் என்று சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை ஆச்சரியம்தான். சண்டை போட இரண்டு பேருக்கும் நேரம் கிடைத்ததில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பதினொரு வருஷத்தில் அண்ணனைச் சுட்டவர்களுக்கு ஒரு முகம் இருந்ததில்லை. ‘ஆயுதம் தாங்கிய கும்பல்’ என்றே எல்லாக் காகிதத்திலும் எழுதியிருந்தார்கள். இப்போது அந்தக் கும்பலுக்குப் பிறந்த வருஷமும் மூன்று புனைபெயரும் வந்துவிட்டன. அவளைவிட இரண்டு வயது இளையவன் அவன். என்ன காரணமோ, அதுதான் அவளை அதிகம் உறுத்தியது.

யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வேலையில் இறங்கினாள். பழைய ஆணை மூன்றே பக்கம். எட்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு நாட்டுக் குழுவுக்காக யாரோ அவசரத்தில் எழுதியது. அட்டவணையில் உள்ளவரின் சொத்து முடக்கப்படும். நேரடியாகவோ மறைமுகமாகவோ அவருக்கோ அவர் சார்பில் எவருக்குமோ பணமோ பொருளோ யாரும் கொடுக்கக் கூடாது. மீறினால் ஏழு வருஷம் சிறை. அவ்வளவுதான். சபையின் தீர்மானத்தில் சாப்பாடு, வாடகை, மருந்து போன்ற அடிப்படைச் செலவுகளுக்கு விலக்கு கேட்கலாம் என்று ஒரு பத்தி இருந்தது. பழைய ஆணையில் அது விட்டுப்போயிருந்தது. மற்ற நாளாக இருந்தால் அவள் கண் முதலில் அங்கேதான் போயிருக்கும். அன்றும் போகாமல் இல்லை. போனது, நின்றது, திரும்பி வந்துவிட்டது. ஆணை சுருக்கமாக இருக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பெயர்களில் மட்டும் எள்ளளவும் விட்டுக்கொடுக்கவில்லை. அயல்மொழிப் பெயரை நம் எழுத்தில் எழுதினால் ஒன்றுக்கு நாலு விதமாக வரும். ஒரு மெய்யெழுத்து கூடினாலோ குறைந்தாலோ எல்லைச் சாவடியில் இருப்பவர் இது வேறு ஆள் என்று விட்டுவிடுவார். இரண்டாவது பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதத்தையும் வரிசையாக எழுதினாள். ஒவ்வொன்றையும் எழுதும்போது பேனா அழுந்திப் பதிந்தது. புதன்கிழமை மதியம் வரைவு தலைமை வரைவாளர் மேஜைக்குப் போயிற்று. மூன்றரை பக்கம். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

வியாழக்கிழமை ஆலோசனைக் கூட்டம். எல்லைக் காவல், நிதி அமைச்சகம், வங்கிகள் என்று நீள மேஜையைச் சுற்றிப் பதினான்கு பேர். எல்லாரும் நல்ல சுருக்கமான ஆணை என்றார்கள். கூட்டம் கலைகிற நேரத்தில், ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு வங்கி அதிகாரி கையைத் தூக்கினார். ஒல்லியான மனிதர். கேட்கப்போவது தப்போ என்ற தயக்கத்தோடுதான் பேசினார். தங்கள் வாடிக்கையாளர் யார் என்று சொல்ல முடியாது, ஆனால் நிலைமையைச் சொல்லலாம் என்றார். பட்டியலில் உள்ள ஒருவருக்கு இந்த நகரத்தில் ஒரு லாரிக் கொட்டகை இருக்கிறது. அதை வாடகைக்கு விட்டிருக்கிறார். அந்த வாடகை வந்து சேர்கிற கணக்கில் அவர் மனைவியின் பெயரும் இருக்கிறது. மனைவி இங்கேதான் குடியிருக்கிறார். ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தை, தினமும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும்.

“ஆணை வந்த நிமிஷமே கம்ப்யூட்டர் அந்த கார்டை முடக்கிடும். அது எங்க கடமை, செய்வோம். அப்புறம் மருந்துக் கடைக்காரர் கடனுக்குக் குடுத்தா, அது மறைமுகமா குடுத்ததா ஆகுமா? எங்க வக்கீலைக் கேட்டேன். ஆகாதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்கறார். இந்த வரைவுல எங்கயாவது அதுக்குப் பதில் இருக்கான்னு தேடினேன். என் கண்ணுக்குப் படல.”

பதினான்கு தலையும் அவள் பக்கம் திரும்பின. எத்தனையாவது பெயர் என்று வங்கிக்காரர் சொல்லவில்லை. கோப்பில் இரண்டாவது பெயரின் கீழ் இந்த நகரத்து முகவரி இருந்தது. அவளுக்குத் தெரியும். குறித்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாள். நோட்டுப் புத்தகத்தில் ஒன்றும் எழுதவில்லை.

பட்டியல் ரகசியம் இல்லை. சபையின் இணையதளத்திலேயே கிடைக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையிலேயே அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னாள். அண்ணி பெயரை எழுதிக் காட்டச் சொன்னார். காகிதத்தைக் கடையில் லென்சைத் தூக்கிப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். இனிமேல் அவனை என்ன செய்வார்கள் என்று கேட்டார். கொட்டகை பூட்டப்படும், கணக்கு முடங்கும், விமானம் ஏற முடியாது என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அண்ணி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். இவ்வளவு வருஷம் கழித்தாவது ஒரு அரசாங்கக் காகிதம் அவனை இன்னான் என்று சொல்கிறதே என்றார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை அவள் பார்த்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அண்ணியிடம் எதையும் பாதியில் மறைத்து அவளுக்குப் பழக்கமில்லை. குழந்தையைப் பற்றியும் சொன்னாள். அந்தப் பத்தியைத் தான் விட்டுவிட்டதையும், இப்போது சேர்க்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

அண்ணி தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“என் பிள்ளைக்கு அப்போ பத்து வயசு. அவனுக்கு யார் விலக்கு எழுதினா?”

அவள் ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்று வாயெடுத்தாள். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீ விட்டுட்டே. அது தானா விட்டுப்போன மாதிரியே இருக்கட்டும். எழுதாதே.”

அவள் எழுதுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அண்ணிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. எழுந்து போனவர், அதற்கப்புறம் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். வீடு நடக்க வேண்டுமே, அதனால் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் சீட்டு ஒட்டினார். பால் தீர்ந்துவிட்டது. கேஸ் சொல்ல வேண்டும். கீழ் வீட்டுக்காரர் சாவி கேட்டார். அவளும் சீட்டின் அடியிலேயே சரி என்று எழுதினாள். இரண்டு படித்த பெண்கள் பத்து நாளுக்கு மேல் ஒரு கதவில் குடித்தனம் நடத்தினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பால்கனியில் துணி எடுக்கும்போது அவள் யோசித்துப் பார்த்தாள். அண்ணி கேட்டது தப்பான கேள்வியா? இல்லை. அந்தப் பத்து வயதுப் பையனை, அவன் தூக்கத்தில் எழுந்து வாசல் கதவைத் திறந்து பார்த்த நாட்களை, அவளும்தான் பார்த்தாள். அவனுக்கு யாரும் எதுவும் எழுதவில்லைதான். ஆனால் அந்தக் கணக்கை இந்த ஒன்பது வயதுப் பெண்ணின் ஊசியில் தீர்த்துக்கொண்டால், தீர்த்துக்கொண்டது யார்? சபையா, அரசாங்கமா? இல்லை. பழைய ஆணையைப் பார்த்து எழுதியவள். கையெழுத்தில்லாமல், யாருக்கும் தெரியாமல், ஒரு பத்தியை விட்டதன் மூலம். லாரியை மறித்தவனாவது நேருக்கு நேர் நின்றான் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் கையில் இருந்த துணியோடு அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை அந்தப் பிரிவை எழுதினாள். மனைவி, குழந்தை, பெற்றோர் என்று பட்டியலில் உள்ளவரை நம்பி இருப்பவர்கள் யாரும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் ஒரே பக்கம், வக்கீல் வேண்டாம். பெற்றுக்கொண்ட அன்றே அதைச் சபையின் குழுவுக்கு அனுப்பியாக வேண்டும், சில வேலை நாட்களுக்குள் அங்கிருந்து மறுப்பு வராவிட்டால் பணம் விடுவிக்கப்படும். அது நேராக வீட்டுச் சொந்தக்காரருக்கும் மருந்துக் கடைக்கும் போகும், கையில் ரொக்கமாகப் போகாது. எனினும், மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை நோயாளிக்குக் கொடுப்பது எந்நேரமும் குற்றமாகாது. இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. மருந்து என்றால் ஊசியும் சேர்த்தியா, சர்க்கரை பார்க்கிற பட்டையும் சேர்த்தியா என்று தானே எதிர்த்தரப்பு வக்கீலாக நின்று கேட்டு, ஒவ்வொரு ஓட்டையையும் தானே அடைத்தாள்.

தலைமை வரைவாளர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். இது இல்லாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லையே என்று முனகினார். அவள் சபைத் தீர்மானத்தின் பத்தியை எடுத்துக் காட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் சாவுக்கு மாலையோடு வந்தவர் அவர். கோப்பின் முதல் பக்கத்தில் இருந்த சாலைப் பெயர் அவருக்கு இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

“நீங்க இந்தக் கோப்புல இருக்கணுமா? வேற யார்கிட்டயாவது மாத்தித் தரட்டுமாம்மா? யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.”

“முதல் நாளே நானே கேட்டிருக்கணும் சார். கேக்கல. இப்போ மாத்திட்டா, நான் விட்டதை இன்னொருத்தர் எழுதின மாதிரி ஆயிடும். விட்டதை நானே எழுதிடறேன்.”

அவர் வாதம் பண்ணவில்லை. அவள் சொன்னதை அப்படியே கோப்பில் ஒரு குறிப்பாகப் பதிவு செய்தார். அவளுக்கும் இந்த விஷயத்துக்கும் உள்ள சம்பந்தம் தனக்குத் தெரியும், வரைவு முழுவதையும் தானே சரிபார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எட்டு மாசத்தில் வீட்டுக்குப் போகிற மனிதர் போடத் தேவையில்லாத கையெழுத்து அது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு நாடாளுமன்றக் குழு. குழு நடவடிக்கைகள் வானொலியில் நேரடியாகப் போகும். கேட்பவர்கள் குறைவு. லாரி ஓட்டுநர்கள் நிறைய இருக்கிற தொகுதியிலிருந்து வந்த ஒரு உறுப்பினர் அன்று வந்திருந்தார். மேஜையைத் தட்டித் தட்டிப் பேசுகிறவர். அட்டவணை சரி, முடக்கம் சரி, தண்டனை இன்னும் கூட்டலாம் என்று வேகமாக வந்தவர், விலக்குப் பிரிவில் வந்து நின்றார். கொலைகாரன் குடும்பத்துக்கு வாடகையும் மருந்தும் கொடுக்கச் சட்டம் போடுகிறோமா என்று கேட்டார். செத்தவர்கள் வீட்டுக்கு யார் வாடகை கொடுத்தார்கள் என்று கேட்டார். இது அவர் கேட்க வேண்டிய கேள்விதான் என்று அவள் மனசுக்குள் ஒத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவர் வரைவுக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

“இதை எழுதினவங்க வீட்டுல ஒரு சாவும் விழுந்திருக்காது. குளுகுளு அறையில உக்காந்து எழுதினது.”

பக்கத்தில் இருந்த தலைமை வரைவாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அவள் மேஜைக்கு அடியில் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்கார்ந்துவிட்டார். குழுத் தலைவர் பதில் சொல்லச் சொன்னார். ஒலிவாங்கியை இழுத்து வைத்துக்கொள்ள அவளுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த ஒரு நிமிஷத்தில் சொல்வதற்கு எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. தேதி, சாலை, ஒன்பது நாள், எல்லாம்.

“இந்தத் தடை எதுக்குன்னா, அந்த நாலு பேர் கைக்குத் துப்பாக்கி வாங்கக் காசு போகக் கூடாது. அதுக்குத் தேவையான எல்லாக் கதவையும் இதுல பூட்டியிருக்கோம். வாடகை வீட்டுக்காரருக்கு நேரா போகுது, மருந்து கடையிலேர்ந்து நேரா போகுது. அதுல ஒரு தோட்டாகூட வாங்க முடியாது. இந்தப் பிரிவு இல்லேன்னா கோர்ட்டுல முதல் வழக்கிலேயே முழு ஆணையும் விழுந்துடும். அப்போ கொட்டகையும் அவங்களுக்கே திரும்பிப் போயிடும்.”

அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. உறுப்பினர் கொஞ்ச நேரம் முணுமுணுத்தார். வாக்கெடுப்பில் எதிர்த்துக் கை தூக்கவில்லை, ஆதரித்தும் தூக்கவில்லை. ஆணை நிறைவேறியது.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணி சமையலறையிலிருந்து வெளியே வந்து நின்றார். கண்ணாடிக் கடை முதலாளி எப்போதும் வானொலி வைத்திருப்பார். அன்று அண்ணி ஒருவருக்கு எழுத்து வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்திருக்கிறது. நாற்காலியில் இருந்தவரை அப்படியே விட்டுவிட்டு வானொலிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டாராம்.

“அந்த ஆள் அப்படிச் சொன்னப்போ நீ ஏன் வாயைத் திறக்கல?”

பதினொரு நாளுக்கு அப்புறம் அண்ணி குரலைக் கேட்டதில் அவளுக்கு முதலில் என்ன கேட்டார் என்றே மனதில் ஏறவில்லை. அண்ணி இன்னொரு தடவை கேட்டார். வீட்டில் சாவு விழவில்லையாமே, யார் வீட்டில் விழவில்லை என்று கேட்டார்.

“நான் சொல்லியிருந்தா எல்லாரும் என் முகத்தைப் பாத்து ஓட்டுப் போட்டிருப்பாங்க அண்ணி. நாளைக்கு அந்தப் பிரிவு வேணாம்னு இன்னொருத்தர் அழுதா, அவங்க முகத்தைப் பாத்து எடுத்துடுவாங்க.”

அண்ணி கையிலிருந்த கரண்டியை மேஜைமேல் வைத்தார்.

“எனக்கு அந்தப் பிரிவு இன்னும் பிடிக்கல.”

“தெரியும் அண்ணி.”

“பிடிக்கவும் பிடிக்காது. ஆனா உன்னைச் சொல்ல அந்த ஆளுக்கு என்ன அருகதை இருக்கு?” என்றவர், கையைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். அவ்வளவுதான். கதவில் ஒட்டியிருந்த சீட்டுகளை யார் கிழித்துப் போட்டது என்று தெரியவில்லை. மறுநாள் காலையில் அவை இல்லை.

அரசிதழ் திங்கட்கிழமை வந்தது. அன்றே லாரிக் கொட்டகையின் கதவில் முத்திரை வைத்தார்கள். கார்டு முடங்கியது. மறுநாளே அந்தப் பெண்மணி விண்ணப்பத்தோடு வந்துவிட்டாராம். ஆறாவது நாள் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட நாட்களில் மருந்துக் கடைக்காரர் ஆணையின் நகலைக் கேட்டு வாங்கி, கடைசி வாக்கியத்தின் கீழ் கோடு போட்டு, கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்துவிட்டுத்தான் இன்சுலினைக் கொடுத்திருக்கிறார். இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னது அந்த ஒல்லியான வங்கிக்காரர். இன்னொன்றும் சொன்னார். விண்ணப்பத்தில் ‘பட்டியலில் உள்ளவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அந்தப் பெண்மணி ‘மனைவி’ என்று எழுதி, பக்கத்திலேயே, ‘பார்த்து நாலு வருஷமாகிறது, இனி பார்க்கவும் விருப்பமில்லை’ என்று யாரும் கேட்காததையும் சேர்த்து எழுதியிருந்தாராம்.

அந்தக் கட்டத்தை வரைந்தவள் அவள்தான். ஒரு சொல் எழுதத்தான் இடம் விட்டிருந்தாள். அந்த வாக்கியத்தை அத்தனை சின்ன இடத்தில் எப்படி நெருக்கி எழுதியிருப்பார் என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது பெயர்க்காரன் அகப்படவில்லை. காட்டில் இருக்கிறான் என்றார்கள். எல்லையில் இரண்டு தடவை அவன் பெயருக்கு மணி அடித்தது, இரண்டு தடவையும் வேறு ஆள். பிறந்த வருஷத்தை ஒப்பிட்டு, அரை மணி நேரத்தில் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு மாசம் கழித்து அண்ணி கைப்பையிலிருந்து அரசிதழை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவளிடம் கேட்காமல், மதிய இடைவேளையில் அரசு அச்சகத்துக்கே போய் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறார். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துவிட்டேன் என்றார்.

“அவன் பேரை ஏழு விதமா எழுதியிருக்கே. புனைபேரு, பொறந்த வருஷம் எல்லாம் இருக்கு. நம்ம ஆளு பேரு எங்கயும் இல்லையே.”

‘ஓட்டுநர்கள் பத்தொன்பது பேர்’ என்ற வார்த்தைகள் அட்டவணையின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தன. அதைக் காட்ட அவளுக்கு மனசு வரவில்லை. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்லவும் வரவில்லை. ஆனால் ஒரு இடம் இருப்பது அவளுக்குத் தெரியும். பட்டியலில் உள்ளவர்களின் செயல்களை ஆராய்கிற நிபுணர் குழு ஒன்று இருக்கிறது, பாதிக்கப்பட்டவர்கள் அதற்கு வாக்குமூலம் அனுப்பலாம். அனுப்பினால் கோப்பில் நிரந்தரமாக இருக்கும். பின்னால் யாராவது அவன் பெயரை எடுத்துவிடலாம் என்று மனு போட்டால், முதலில் அதைத்தான் எடுத்துப் படிப்பார்கள். இதைச் சொன்னதும் அண்ணி உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. மூன்று நாள் எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை காலை கடைக்குப் போகும்போது, நாளைக்கு லீவுதானே, எழுதிடலாம் என்றார்.

ஞாயிறு காலை வெளிச்சம் மேஜையில் விழுகிற நேரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அண்ணி சொல்லச் சொல்ல அவள் மடிக்கணினியில் தட்டினாள். முதலில் பெயர். அப்பா பெயரோடு முழுசாகப் போடச் சொன்னார் அண்ணி. அப்புறம் வயது, லாரியின் எண், கிளம்பிய நாள். தேதி, இடம் எல்லாம் அண்ணிக்குத் தடங்கலில்லாமல் வந்தது. அதற்கப்புறம் நிறுத்திவிட்டார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, கடைசியாகப் பேசியதையும் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். சொல்லலாம் என்றாள் அவள். எல்லைச் சாவடியிலிருந்து அண்ணன் போன் பண்ணியது அவளுக்குத் தெரியும். என்ன பேசினார்கள் என்று அவள் கேட்டதில்லை, அண்ணியும் சொன்னதில்லை.

“சண்டைதான் போட்டேன். குளியலறைக் குழாய் ஒழுகுது, நாலு மாசமா சொல்றேன், ஆள் கூட்டிட்டு வரலன்னு. அவர் சிரிச்சாரு. எனக்குக் கோவம் வந்து போனை வச்சுட்டேன். திரும்பப் பண்ணினாரு. நான் எடுக்கல.”

அவள் விரல்கள் விசைகளின்மேல் அப்படியே நின்றன. வாக்குமூலத்தில் எது தேவை, எது வேண்டாம் என்று இருபத்திரண்டு வருஷமாகப் பிரித்துப் பழகிய மூளை தானாகவே வேலை செய்தது. குழாய், சண்டை, எடுக்காத அழைப்பு, இதில் ஒன்றும் நிபுணர் குழுவுக்குத் தேவையில்லை.

“இதையும் எழுதணுமா அண்ணி?”

“எழுது. செத்த பத்தொன்பது பேர்ல ஒருத்தர்னு அவங்களுக்குத் தெரியும். குழாய் ரிப்பேர் பண்ணாத ஒருத்தர்னு தெரியாது.”

அவள் எழுதினாள். அண்ணி சொன்ன வரிசையிலேயே, அண்ணி சொன்ன சொல்லிலேயே எழுதினாள். எழுதி முடித்து முழுவதையும் ஒரு தடவை வாசித்துக் காட்டினாள். சிரித்தார் என்கிற இடத்தில் அண்ணியும் லேசாகச் சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் நாற்காலியை மேஜைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த ஒன்பது நாள் என்ன நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தார்.